பாராட்டும் பழியும் கடலோர மக்களும்

நலிந்த பிரிவினருக்கு அரசும் சமூகமும் அளிக்கும் ஆதரவு எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது? இக்கேள்விக்கு விடை தேடுவோர் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் கோப்புகளைப் புரட்ட வேண்டியதில்லை. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள பூந்துறை, வலியதுறை, விழிஞ்ஞம் ஆகிய மீனவக் கிராமங்களில் 2017 முதல் 2025 வரை நடந்தவற்றை வரிசையாக நினைவுகூர்ந்தாலே போதும். இந்த எட்டு ஆண்டுகளில் அம்மக்களின் தொழில் மாறவில்லை. வறுமையும் பெரிதாக மாறவில்லை. ஆனால் அவர்களைப் பற்றிய பொதுப்பேச்சு நான்கு முறை தலைகீழாக மாறியது. ஒவ்வொரு முறையும் உதவியின் அளவும் அதை வழங்கும் தோரணையும் சேர்ந்தே மாறின.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் தென்முனைக் கடலைத் தாக்கியபோது, கன்னியாகுமரி மாவட்டத்தின் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர், சின்னத்துறை ஆகிய ஊர்களின் மீனவர்களும் திருவனந்தபுரம் மாவட்டத்தின் பொழியூர், விழிஞ்ஞம், பூந்துறை மீனவர்களும் ஒரே கடலில்தான் இருந்தனர். 1956-இல் வகுக்கப்பட்ட மாநில எல்லை நிலத்தில் உண்டு, அக்கடலில் இல்லை. இருபுறமும் கொண்டு கொடுத்து வாழும் குடும்பங்கள் அவை. புயல் எச்சரிக்கை உரிய நேரத்தில் வரவில்லை என்று இரு மாநில மீனவர்களும் ஒரே குரலில் குற்றம்சாட்டினர்.

டிசம்பர் 3-ஆம் தேதி விழிஞ்ஞத்துக்குச் சென்ற முதல்வர் பினராயி விஜயன் மக்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். தமது வாகனத்தில் ஏற இயலாமல் அமைச்சர் ஒருவரின் காரில் திரும்ப நேர்ந்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த நிர்மலா சீதாராமன் அங்கு வந்து தமிழில் பேசிக் கூட்டத்தை அமைதிப்படுத்தியதைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் கொந்தளிப்பை அன்று எவரும் சட்டம் ஒழுங்குப் பிரச்னையாகப் பார்க்கவில்லை. கணவனைத் தேடும் மனைவி, மகனைத் தேடும் தாய் என்றே நாடு அவர்களைக் கண்டது. தொலைக்காட்சிகள் கடற்கரையிலேயே முகாமிட்டிருந்தன.

விளைவு என்ன? உயிரிழந்தோர் குடும்பங்களுக்குத் தலா ரூ. 20 லட்சம் என்று கேரள அரசு அறிவித்தது. அதைச் சுட்டிக்காட்டியே குமரி மாவட்ட மீனவர்கள் டிசம்பர் 7-ஆம் தேதி குழித்துறை ரயில் நிலையத்தில் மறியல் செய்தனர். தமிழக அரசும் முதலில் அறிவித்த ரூ. 10 லட்சத்தை ரூ. 20 லட்சமாக உயர்த்தியது. காணாமல் போனவரை ஏழு ஆண்டுகள் கழித்தே இறந்தவராகக் கருதலாம் என்னும் சாட்சியச் சட்ட விதி குறுக்கே நிற்கவில்லை; கரை திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கும் இழப்பீடு சென்றது. பல பத்தாண்டுகளாக எத்தனையோ மீனவ விதவைகளை ஏழாண்டு காத்திருக்க வைத்த அதே நிர்வாகம்தான் சில வாரங்களில் வழி கண்டுபிடித்தது. மனம் இருந்தது; மார்க்கம் பிறந்தது. அந்த மனத்தை உண்டாக்கியது அன்றைய பொதுப்பேச்சு.

இதில் திருச்சபையின் பங்கையும் சொல்லியாக வேண்டும். காணாமல் போனோரின் எண்ணிக்கையில் அரசின் கணக்கும் திருவனந்தபுரம் லத்தீன் பேராயத்தின் கணக்கும் வெகுவாக வேறுபட்டன. பங்குத்தந்தையர் வீடு வீடாகச் சென்று திரட்டிய பட்டியல் இருந்ததால்தான் அரசின் பட்டியல் நீண்டது. கணக்கு எடுக்க ஓர் அமைப்பும், அதை எடுத்துச் சொல்ல ஒரு குரலும் உள்ள மக்களுக்கு மட்டுமே துயரம் இழப்பீடாக மாறுகிறது என்ற சங்கடமான உண்மையும் இதில் அடங்கியிருக்கிறது. இதே கடற்கரையில் 2009 மே 17-ஆம் தேதி பீமாபள்ளி - செறியதுறைப் பகுதியில் போலீஸார் துப்பாக்கியால் சுட்டதில் ஆறு பேர் உயிரிழந்தனர். அந்த முஸ்லிம் மீனவக் குடும்பங்களைப் பற்றிய பேச்சு ஓரிரு வாரங்களில் அடங்கிப்போனது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 2021-இல் வெளிவந்த ஒரு மலையாளத் திரைப்படம்தான் அதை மீண்டும் விவாதத்துக்குக் கொண்டுவந்தது.

ஒக்கியின் ஈரம் காயும் முன்பே 2018 ஆகஸ்ட் வெள்ளம் வந்தது. செங்கன்னூரும் ஆறன்முளையும் நீரில் மூழ்கிக்கிடக்க, திருவனந்தபுரம், கொல்லம் கடற்கரைகளிலிருந்து மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டனர். 669 படகுகளில் 4,537 மீனவர்கள் சென்று ஏறத்தாழ 65,000 பேரைக் காப்பாற்றியதாகக் கணக்கிடப்பட்டது. மலப்புரத்தைச் சேர்ந்த மீனவர் ஒருவர் தண்ணீரில் குனிந்து, பெண்கள் படகில் ஏறத் தம் முதுகைப் படியாக்கிய காட்சியை நாடே கண்டது. 'கேரளத்தின் ராணுவம்' என்று முதல்வர் பாராட்டினார். ஆகஸ்ட் 29-ஆம் தேதி தலைநகரில் அரசு விழா எடுத்தது. திருவனந்தபுரம் எம்.பி. சசி தரூர் அவர்களை நோபல் அமைதிப் பரிசுக்கே பரிந்துரைத்தார்.

பாராட்டு மிகையானதன்று, தகுதியானதே. ஆனால் அதே காலத்தில் வலியதுறையில் நடந்துகொண்டிருந்தது வேறு. கடல் அரிப்பில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பள்ளிக்கூடங்களிலும் இந்திய உணவுக் கழகத்தின் பழைய கிடங்கிலும் தஞ்சம் புகுந்திருந்தன. துணியையும் தார்ப்பாயையும் தடுப்பாகக் கட்டிக்கொண்டு, ஒரு குடும்பத்தின் இருமல் அடுத்த குடும்பத்துக்குக் கேட்கும் நெருக்கத்தில் அவர்கள் வாழ்ந்தனர். வளர்ந்த பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அங்கே குடித்தனம் நடத்துவது எத்தகைய வேதனை என்பதை விளக்கத் தேவையில்லை. 2018 அக்டோபரில் முட்டத்தறையில் 192 அடுக்குமாடி வீடுகள் திறக்கப்பட்டன என்பது உண்மை. ஆனால் கடல் அதைவிட வேகமாக வீடுகளை எடுத்துக்கொண்டிருந்தது. கிடங்கில் சில குடும்பங்களின் வாசம் நான்கு ஆண்டுகள் வரை நீண்டது. விழா மேடையில் ராணுவம், கிடங்கில் அகதி. இரண்டும் ஒரே மக்கள்தான் என்பதை இணைத்துப் பேசியவர்கள் அன்று மிகச் சிலரே.

ஒரு சமூகத்தை வீரர்களாகப் போற்றும்போது, அதற்குத் தேவைகள் உண்டு என்பது மறைந்துபோகிறது. வீரனுக்குப் பொன்னாடை போர்த்தினால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். அவன் வீட்டுக் கூரையைப் பற்றிக் கேட்பது பாராட்டு விழாவின் மரபில் இல்லை.

மூன்றாவது கட்டம் 2020 ஜூலை. கரோனா தொற்று பூந்துறையில் வேகமாகப் பரவியது. ஜூலை 6-ஆம் தேதி தலைநகரில் மும்மடங்குப் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில நாள்களில் பூந்துறையில் கமாண்டோ வீரர்கள் நிறுத்தப்பட்டனர். நோய்த்தொற்றைத் தடுக்க மருத்துவர்கள் தேவை, பரிசோதனை தேவை, உணவு தேவை. துப்பாக்கி ஏந்திய கமாண்டோக்கள் எதற்கு என்று அப்போதே சிலர் கேட்டனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ராணுவம் என்று போற்றப்பட்டவர்களின் தெருவிலேயே ஆயுதப்படை நின்றது. 'மிகைப் பரப்பிகள்' என்ற சொல் ஊடகங்களில் உலவத் தொடங்கியதும், அக்கடற்கரைப் பெண்களிடம் மீன் வாங்குவதற்கு நகரம் அஞ்சியது. அக்கம்பக்கத்துக் கடைகளில் தங்களுக்குப் பொருள் தர மறுக்கிறார்கள் என்று பூந்துறை மக்கள் குமுறினர். ஜூலை 10-ஆம் தேதி அவர்கள் கட்டுப்பாட்டை மீறித் தெருவில் இறங்கியபோது, கேரளத்தின் படித்த வர்க்கம் அவர்களை அறிவிலிகள் என்று ஏசியது. இரண்டொரு நாளில் அதே மக்கள் சுகாதாரப் பணியாளர்கள்மீது மலர் தூவி வரவேற்றனர். அச்செய்திக்கு முன்னதன் இடம் கிடைக்கவில்லை.

நாற்றம், அழுக்கு, முரட்டுத்தனம். மீனவர்களைப் பற்றி நிலத்து மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் சொற்கள் இவை. 1980-களின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்தின் மீன்காரப் பெண்கள், பேருந்தில் கூடையுடன் ஏறும் உரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2021 ஆகஸ்டில் ஆற்றிங்கல் நகராட்சி ஊழியர்கள் சாலையோரம் மீன் விற்ற பெண்ணின் மீனை அள்ளிக் கொட்டினர். அதைக் கண்டித்து எழுந்த எதிர்ப்பின் சூட்டில்தான், மீன்காரப் பெண்களுக்கான 'சமுத்ரா' இலவசப் பேருந்து அந்த மாதமே தலைநகரில் ஓடத் தொடங்கியது பலர் கவனத்துக்கு வந்தது. நம் பக்கமும் பெருமைப்பட ஏதுமில்லை. அதே ஆண்டு டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில் மீன் விற்றுத் திரும்பிய மூதாட்டி ஒருவர், நாற்றம் வீசுவதாகக் கூறி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிடப்பட்டார். அவர் அங்கேயே நின்று நியாயம் கேட்ட காட்சி பரவியதால்தான் முதல்வர் மு.க. ஸ்டாலின் கண்டனம் தெரிவித்தார். ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். காட்சி பரவாதிருந்தால்?

நான்காவது கட்டம்தான் மிகக் கசப்பானது. விழிஞ்ஞம் சர்வதேசத் துறைமுகத்துக்கான ஒப்பந்தம் 2015 ஆகஸ்டில் அதானி குழுமத்துடன் கையெழுத்தானது. ஆண்டு முடிவதற்குள் பணி தொடங்கியது. கடலுக்குள் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் நீளும் அலைதடுப்புச் சுவர், மணலின் இயல்பான ஓட்டத்தை மறித்து வடபுறக் கடற்கரைகளை அரித்துவிட்டது என்பது மீனவர்களின் வாதம். அரிப்புக்குப் புயல்களும் பருவநிலை மாற்றமுமே காரணம் என்பது அரசின் வாதம். அறிவியல் அடிப்படையில் ஆராய்ந்து தீர்க்க வேண்டிய கேள்வி இது. 2022-இல் எம்.டி. குடாலே தலைமையில் அரசே ஒரு நிபுணர் குழுவையும் அமைத்தது.

ஆனால் தெருவில் நடந்த பேச்சு அறிவியலைப் பற்றியதாக இருக்கவில்லை. 2022 ஆகஸ்ட் 10-ஆம் தேதி படகுகளுடன் தலைமைச் செயலகம் நோக்கிப் புறப்பட்ட மீனவர்கள் வழியிலேயே தடுக்கப்பட்டனர். ஆகஸ்ட் 16 முதல் முல்லூரில் துறைமுக வாயிலை முற்றுகையிட்டனர். போராட்டம் முன்கூட்டியே திட்டமிடப்பட்டது என்று முதல்வர் சட்டப்பேரவையில் கூறினார். நவம்பர் 1-ஆம் தேதி துறைமுகத்துக்கு ஆதரவாக நடந்த நிகழ்ச்சியில் மார்க்சிஸ்ட் கட்சியின் மாவட்டச் செயலாளரும் பாரதிய ஜனதாவின் மாவட்டத் தலைவரும் ஒரே மேடையில் தோன்றினர். வேறெந்தப் பிரச்னையிலும் காண முடியாத ஒற்றுமை அது.

போராட்டத் தரப்பு தவறே செய்யவில்லை என்று கூறுவதற்கில்லை. நவம்பர் 27-ஆம் தேதி இரவு விழிஞ்ஞம் காவல் நிலையம் தாக்கப்பட்டதில் முப்பதுக்கும் மேற்பட்ட காவலர்கள் காயமடைந்தனர். இதை எக்காரணம் கொண்டும் நியாயப்படுத்த இயலாது. மீன்வளத் துறை அமைச்சரின் பெயரையும் மதத்தையும் இணைத்துப் பாதிரியார் ஒருவர் உதிர்த்த சொற்கள் வெட்கக்கேடானவை. பின்னர் அவர் மன்னிப்புக் கேட்டார். துறைமுகத்தால் தங்கள் ஊருக்கு வாழ்வு வரும் என்று நம்பி அதை ஆதரித்த உள்ளூர் மக்களும் இருந்தனர். அவர்களையும் விலைபோனவர்கள் என்று தள்ளிவிட முடியாது.

எனினும் அந்த இரவுக்குப் பிறகு நடந்தது கவனத்துக்குரியது. ஏறத்தாழ 3,000 பேர்மீது வழக்கு. துறைமுகப் பகுதியில் நடந்த மோதல் தொடர்பான வழக்கில் பேராயரே முதல் எதிரி. துறைமுகப் பணியைத் தடுப்பது தேசத்துரோகம் என்று அமைச்சர் ஒருவர் பேசினார். சதி, அந்நியப் பணம் முதலிய சொற்கள் நாள்தோறும் ஒலித்தன. 2011, 2012-ஆம் ஆண்டுகளில் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்த இடிந்தகரை மக்கள்மீது ஆயிரக்கணக்கில் தேசத்துரோக வழக்குகள் பாய்ந்ததை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இச்சொற்கள் புதியவை அல்ல. ஆட்சியும் மாநிலமும் வேறு; சொற்களஞ்சியம் ஒன்றே.

இந்தச் சொற்களின் நிழலில், முகாம்களில் இருந்த குடும்பங்களுக்கு அரசு அறிவித்தது மாதம் ரூ. 5,500 வாடகைத் தொகை. தலைநகரில் அந்தத் தொகைக்கு ஒரு குடும்பம் தங்கும் வீடு கிடைக்காது என்று போராட்டக்காரர்கள் கூறினர். டிசம்பர் 6-ஆம் தேதி போராட்டம் முடிவுக்கு வந்தபோதும் தொகை உயரவில்லை. கூடுதலாக ரூ. 2,500-ஐத் துறைமுக நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து தரலாம் என்ற யோசனையைப் போராட்டக் குழு ஏற்கவில்லை. யாரால் வீடு போனதென்று அவர்கள் கருதினார்களோ அவர்களிடமே வாடகைக்குக் கையேந்துவதா என்ற தன்மானம் அதில் இருந்தது. அதுகூடப் பிடிவாதம் என்றே வருணிக்கப்பட்டது.

ஒக்கியில் ரூ. 20 லட்சத்தைச் சில நாள்களில் அறிவிக்க முடிந்த அரசுக்கு, நான்கு ஆண்டுகள் கிடங்கில் கிடந்தவர்களின் வாடகையை இரண்டாயிரம் உயர்த்த முடியவில்லை. நிதி நெருக்கடி மட்டும் காரணம் என்று சொன்னால் நம்புவது கடினம். சில நூறு குடும்பங்கள். ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய் அளவிலான கூடுதல் செலவு. புயலில் இறந்தவன் யாரையும் குற்றம்சாட்டவில்லை. கிடங்கில் இருந்தவன் குற்றம்சாட்டினான். நம் சமூகத்தில் வாய் திறக்காத துயரத்துக்கே மதிப்பு அதிகம்.

இது மீனவர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் ஏற்பட்ட நிலச்சரிவில் தேயிலைத் தோட்ட லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 தமிழர்கள் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். மறுநாள் மாலை கோழிக்கோடு அருகே கரிப்பூரில் விமான விபத்து நேர்ந்தது. விமானத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மாநில அரசு அறிவித்தது ரூ. 10 லட்சம், பெட்டிமுடிக்கு ரூ. 5 லட்சம். கரிப்பூருக்கு முதல்வர் உடனே சென்றார். பெட்டிமுடிக்கு ஆகஸ்ட் 13-ஆம் தேதிதான் சென்றார். வானிலையும் சாலையும் தடை என்று விளக்கம் தரப்பட்டது. சாலைத் தடையை ஏற்கலாம். தொகையின் வேறுபாட்டுக்கு எந்த மழை காரணம்? வளைகுடாவிலிருந்து திரும்பும் மலையாளி கேரளப் பொதுப்பேச்சின் நாயகன். லயத்தில் வாழும் தமிழ்த் தொழிலாளி அப்பேச்சில் இடம்பெறுவதே அரிது. 2015-இல் 'பெண்கள் ஒற்றுமை' என்ற பெயரில் தோட்டப் பெண்கள் மூணாறை முடக்கியபோது சில வாரங்கள் இடம் கிடைத்தது, அவ்வளவுதான்.

தலைமைச் செயலகத்தின் வாசலிலேயே இன்னொரு சான்றும் உண்டு. கரோனா காலத்தில் முன்களப் போராளிகள் என்று புகழப்பட்டவர்கள் ஆஷா பணியாளர்கள். 2022-இல் உலக சுகாதார நிறுவனமே இந்தியாவின் ஆஷாக்களுக்கு விருது அளித்தது. அவர்கள் 2025 பிப்ரவரி 10-ஆம் தேதி மதிப்பூதிய உயர்வு கேட்டுத் திருவனந்தபுரத்தில் உட்கார்ந்ததும், யாரோ தூண்டிவிட்டவர்கள் என்ற பெயர் பெற்றனர். மழையிலும் வெயிலிலும் எட்டு மாதங்களுக்கும் மேல் அமர்ந்த பிறகே ரூ. 7,000 ரூ. 8,000 ஆனது.

கேரளம் சாதித்தவற்றை மறுப்பது நோக்கமன்று. கல்வி, சுகாதாரம், பொது விநியோகம் ஆகியவற்றில் அம்மாநிலம் பெற்ற உயரம் நாடறிந்தது. ஆனால் 'கேரள மாதிரி' என்பது சராசரியைப் பற்றிய பேச்சு. அந்தச் சராசரிக்கு வெளியே நிற்பவர்கள் மீனவர்கள் என்று பொருளாதார அறிஞர் ஜான் குரியன் 1995-லேயே எழுதினார். பழங்குடியினரின் நிலையும் அதுவே. சராசரியின் பெருமையில் திளைக்கும் சமூகத்துக்கு விளிம்பில் நிற்பவன் தன் கௌரவத்துக்கு வந்த களங்கமாகத் தெரிகிறான்.

2025 நவம்பர் 1-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் நடந்த விழாவில், அதி தீவிர வறுமை ஒழிந்த மாநிலமாகக் கேரளம் அறிவிக்கப்பட்டது. ஊராட்சி வாரியாகக் கணக்கெடுத்து 64,006 குடும்பங்களைக் கண்டறிந்து, குடும்பத்துக்கொரு திட்டம் வகுத்துச் செயல்பட்ட முறை, உணர்ச்சி அலையை நம்பாமல் பட்டியலை நம்பியது. அவ்வகையில் அது மேலானதே. திட்டம் முடிவதற்குள் 4,421 குடும்பங்கள், அதாவது பெரும்பாலும் தனித்து வாழ்ந்தவர்கள், இறந்துவிட்டனர் என்று அரசே வெளிப்படையாகக் கூறியது. உணவின்றி, உறவின்றி எத்தனை பேர் கணக்கில் வராமல் வாழ்ந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? ஆனால் அந்த அறிவிப்பின் அளவுகோல் என்ன, அந்தியோதயா அட்டை வைத்திருக்கும் லட்சக்கணக்கான குடும்பங்கள் எவ்வகையில் சேரும் என்று பொருளாதார அறிஞர்கள் சிலர் பகிரங்கக் கடிதத்தில் கேட்டபோது, பதிலைவிட எரிச்சலே அதிகம் வெளிப்பட்டது. 'ஒழிந்துவிட்டது' என்று மேடையில் முழங்கிய பிறகு, பசிக்கிறது என்று ஒருவர் மனு கொடுத்தால் அது அரசுக்கு எதிரான சாட்சியமாகிவிடும்.

ஆகவே கடலோர மக்களுக்கு வேண்டியது மேலும் ஒரு பாராட்டு விழாவன்று. கடல் அலையிலிருந்து 50 மீட்டருக்குள் வாழும் 18,685 குடும்பங்களை இடம்பெயர்க்கக் கேரள அரசு வகுத்த 'புனர்கேகம்' திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ரூ. 10 லட்சம் என்று தொகை நிர்ணயிக்கப்பட்டது. நிலம் வாங்க ஆறு லட்சம், வீடு கட்ட நான்கு லட்சம். திருவனந்தபுரம் கடற்கரைக்கு அருகில் அந்தப் பணத்துக்கு நிலம் எங்கே? கடலை விட்டு வெகுதூரம் போனால் தொழில் எங்கே? 2025 ஆகஸ்ட் 7-ஆம் தேதி முட்டத்தறையில் மேலும் 332 வீடுகள் ஒப்படைக்கப்பட்டன. வரவேற்கத்தக்கது. 2018-இல் வீரர்களாக இருந்தவர்களில் சிலர் கூரை காண ஏழு ஆண்டுகள் ஆயின. வீடிழந்த நாளிலிருந்து இத்தனை மாதங்களுக்குள் மாற்று வீடு, அதுவரை சந்தை நிலவரத்துக்கு ஏற்ற வாடகை என்பதைச் சட்டத்தில் எழுதி வைத்தால், அமைச்சரின் மனநிலையையும் தொலைக்காட்சியின் கருணையையும் நம்பியிருக்க வேண்டாம்.

இதற்கான அடுத்த சோதனையும் கடலிலிருந்தே வந்திருக்கிறது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்எஸ்சி எல்சா-3 என்ற சரக்குக் கப்பல் 2025 மே 25-ஆம் தேதி 640 கன்டெய்னர்களுடன் மூழ்கியது. பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரம் கரை வரை ஒதுங்கின. மீனில் நஞ்சு கலந்துவிட்டதாகப் பரவிய பேச்சு, மீன் விற்பனையை முடக்கியது. பாதிக்கப்பட்ட நான்கு மாவட்ட மீனவக் குடும்பங்களுக்கு அரசு உடனடியாக அளித்தது தலா ரூ. 1,000, ஆறு கிலோ அரிசி. கப்பல் நிறுவனத்திடம் கேரள அரசு உயர் நீதிமன்றத்தில் கோரிய இழப்பீடோ ரூ. 9,531 கோடி, ஈடாக நிறுவனம் கட்ட வேண்டிய தொகையை நீதிமன்றம் ரூ. 1,227 கோடி அளவில் நிர்ணயித்தது.

மாநிலத்தின் பெயரால் கோரப்படும் இத்தொகையில் மீனவர்களின் பங்கு எவ்வளவு என்பதை இப்போதே வரையறுத்து வெளியிட வேண்டும். கடலுக்குப் போகும் ஆண்களோடு, தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்களின் பெயர்களும் அப்பட்டியலில் இருக்க வேண்டும். வதந்தியால் முதலில் வருமானம் இழந்தவர்கள் அவர்களே.